குப்புறப் படுத்தவளுக்குக் கொடுத்த வாக்கு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் அக்குபங்சர் டாக்டர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், அவர் கொடுத்த சம்பளத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. இரண்டாவது, அவருக்கு உதவியாளாக இருந்த நான். மூன்றாவது கோமதி அம்மாள், டெல்லி ஜங்க்புரா எக்ஸ்டென்ஷனில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தவர், மத்திய சர்க்கார் அதிகாரியின் மனைவி. நான்காவது பச்சையம்மாள், அந்த வீட்டில் வேலை செய்தவள், மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தவள். முதுகில் ஊசிகளோடு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். ஐந்தாவது, துணித்திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில், போகல் மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரர். எல்லோரும் லாலாஜி என்போம். அவர் முதுகிலும் ஊசி. எழுந்து போக அவராலும் முடியாது.

வேறு யாரும் இல்லை. ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். சாட்சிதான் சொல்கிறேன். அந்த அறையில் சொன்ன ஒரு பேச்சை, பின்னால் சொல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஐந்து பேர் காதில் விழுந்த ஒன்று எப்படி இல்லாமல் போகும்? இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மனசு ஆறவில்லை.

கிளினிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் எழுதக் கேட்டது உங்கள் தப்பு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் எந்த ஊசி என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் படம் போட்ட புத்தகம் இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். ஊசி ஏறிய பிறகு இருபது நிமிஷம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்த இருபது நிமிஷமும் படுத்திருக்கிறவர் நம் பொறுப்பு.

நான் பிறவியிலேயே பயந்தவள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழி போய்த் திரும்பி வருகிற ஜாதி. ஒரு பெரியவரின் காதுமடலில் இருந்த ஊசியை எடுத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, பஸ் ஸ்டாப் வரை ஓடி, படியில் கால் வைத்தவரைப் பிடித்து இழுத்துக் காதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஊசி இல்லை. பஸ்ஸும் போய்விட்டது. ஜூன் மாத வெயிலில் நின்று அவர் என்னைத் திட்டியதை அந்தத் தெருவே கேட்டது. மறுபடி அதே சந்தேகம் வந்தாலும் ஓடத்தான் செய்வேன். நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதுகுவலிக்கு இந்த ஊசி வைத்தியம் கேட்குமா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன். சிலருக்கு வலி நன்றாகக் குறைந்தது. சிலருக்குக் கொஞ்ச நாள் குறைந்து திரும்ப வந்தது. சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை, காசு போனதுதான் மிச்சம். 'ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும்' என்று வாசலில் போர்டு மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி குறைவது வேறு, வலியை உண்டாக்குகிற வேலை குறைவது வேறு. இரண்டாவதற்கு எந்தக் கடையிலும் ஊசி விற்பதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். கோமதி அம்மாள் எங்களுக்குப் பழைய ஆள். அதற்கு முந்தின வருஷம் முழங்கால் வலிக்கு எங்களிடம்தான் ஊசி போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் எங்களிடம் அனுப்பிவைத்தார். பொங்கல் விழாவில் முன்வரிசையில் உட்காருகிறவர், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவர் உள்ளே வந்தால் டாக்டரே எழுந்து நிற்பார்.

அந்த முறை தனக்காக வரவில்லை. வேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, ஊரிலிருந்து உறவுக்காரர்கள் எல்லாம் ரயிலேறி வரப்போகிறார்கள், இவள் இந்த நேரம் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சீக்கிரம் சரிபண்ணிக் கொடுங்கள் என்றார். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது எனக்கு. ஆனால் சொந்தக் காசில் வைத்தியம் பார்க்கிறாரே, இந்த டெல்லியில் யார் செய்வார்கள் என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். நானும்தான் மெச்சினேன், இரண்டு நிமிஷம்.

ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற ஊசி அப்போது எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை. ஆளுக்கு ஒரு செட் ஊசி. ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, மேலே பெயரெழுதிய பிளாஸ்டரை ஒட்டி அலமாரியில் வைத்திருப்போம். ஒவ்வொரு தடவையும் ஆவியில் வேகவைத்துத்தான் எடுப்போம். ஒருவர் குழாய் இன்னொருவருக்குக் கிடையாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி. புது செட் நாற்பது ரூபாய் என்று நான் சொன்னதும் கோமதி அம்மாள் அலமாரியைக் காட்டினார்.

"என் ஊசி அங்க சும்மாதான கெடக்கு. அதையே போடுங்க டாக்டர். இவ எங்க வீட்டு மனுஷி மாதிரிதான்."

டாக்டர் யோசித்தார். வேகவைத்துவிட்டால் பயமில்லை என்று சொல்லப்போகிறார் என்று அவர் முகமே சொல்லிற்று. நான் சட்டென்று, அப்படியானால் அடுத்த முறை உங்களுக்கு மூட்டு வலித்தால் இவளுக்குப் போட்ட இதே ஊசியைப் போடலாமா மேடம் என்று கேட்டேன். குத்திக் காட்டக் கேட்கவில்லை. பிளாஸ்டரில் எந்தப் பெயரை எழுதுவது என்ற கவலையில் கேட்டேன். கோமதி அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து நாற்பது ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். வீட்டு மனுஷி என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

வலி எங்கே என்று டாக்டர் கேட்டார். கோமதி அம்மாள் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டார். அதற்கும் கோமதி அம்மாள்தான். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நல்லாத் தூங்குவா டாக்டர், காலையில அவள எழுப்பத்தான் பெரும் பாடு" என்றார். பச்சையம்மாள் தூங்குவது சாக்கடைக் கரையில், கேம்ப்பில், தன் குடிசையில். அவள் தூங்குவதை இந்த அம்மாள் எங்கிருந்து பார்த்தார்? பச்சையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நம் தொழிலில் நடக்கிற தப்புகளிலேயே பெரியது இது, பிள்ளைகளே. காசு கொடுக்கிறவர் வாயால் அடுத்தவர் வலியைக் கேட்டு எழுதுவது.

ஊசி ஏற்றியபிறகு இருபது நிமிஷம் என்னோடு தனியாக இருந்தபோதுதான் அவள் கதை கொஞ்சம் தெரிந்தது. மே மாதத்தில் அந்த வீட்டின் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. காலையில் கீழ்க்குழாயில் வருகிற நேரத்துக்குள் பிடித்து, பக்கெட் பக்கெட்டாக மேலே சுமந்து, டிரம்மை நிரப்ப வேண்டும். பிறகுதான் பாத்திரம், துணி, தரை. வாசல் வரைக்கும் லிஃப்ட்டிலா போக முடியும், எல்லாம் படிதான் என்று சிரித்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தால் முதுகில் இருக்கிற ஊசிகள் எல்லாம் ஆடும். சிரிக்காதே அம்மா என்று அதட்டினேன்.

இரண்டாவது தடவைக்கே வலி குறைந்துவிட்டது. கோமதி அம்மாளுக்கு வாய் கொள்ளாத பெருமை. போன தடவை ஊசி போட்டுப் போனவள் அன்றைக்கே திரைச்சீலை அத்தனையும் துவைத்துப் போட்டுவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டரும் மகிழ்ந்தார். என்னால் மட்டும் மகிழ முடியவில்லை. வலி இருந்தபோது பாதி பக்கெட் தூக்கினவள், வலி போனதும் முழுப் பக்கெட் தூக்குகிறாள். நான்காவது தடவை வந்தபோது வாசல்படி ஏறவே சுவரைப் பிடித்தாள். ஐந்தாவது தடவை, உங்கள் ஊசியில் முன்னே மாதிரி சத்து இல்லையே என்று கோமதி அம்மாள் குறைப்பட்டார். ஊசியின் தலையில் ஒயரை மாட்டி மெல்லிய கரண்ட் விடுகிற சின்ன மெஷின் ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். டாக்டர் கூட்டினார்.

ஆறாவது தடவைதான் நான் முதலில் சொன்ன அந்த நாள்.

வாசலில் கிடக்கிற செருப்புகளை ஒழுங்காக வைப்பதும் என் வேலை. பச்சையம்மாளின் இடது செருப்பில் ஒரு துணிக்கிழிசல் முடிந்திருந்தது, கணுக்காலோடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி. வார் அறுந்திருக்குமோ என்று எடுத்துப் பார்த்தேன். அறவில்லை. புதுச் செருப்பு. வலது செருப்பில் கிழிசல் இல்லை. இது என்னடா என்று எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. ஒன்றும் இல்லாததற்கெல்லாம் வருகிற அதே படபடப்புதான்.

டாக்டர் ஊசியைப் போட்டு ஒயரை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கோமதி அம்மாள் நிச்சயதார்த்த விஷயமாக ஊருக்குப் பேச எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நான் கட்டில் பக்கத்தில் குனிந்து, செருப்பை ஏன் கட்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"காலு மரத்துப் போவுதுக்கா. செருப்பு நழுவி உழுந்தாக்கூடத் தெரியறதில்ல. முந்தாநேத்து பக்கெட்டோட படியிலயே உக்காந்துட்டேன். அதான் கட்டிக்கினேன்."

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவரு என்னிய கேக்கலியேக்கா."

நான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு ஊசி வைத்தியத்துக்கு வந்தவர். இதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வந்ததும் முதலில் கரண்டை நிறுத்தினார். அவள் பாதத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். வலது விரல் தூக்கியது. இடது விரல் அப்படியே கிடந்தது. அவர் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நரம்பு நசுங்குகிறது, இது நம் ஊசிக்கு அடங்குகிற விஷயம் இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவரை மெச்சவேண்டிய இடத்தில் மெச்சித்தான் ஆகவேண்டும். ஐந்து தடவை தப்பாகக் கேட்டவர், ஆறாவது தடவை ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை.

அதற்குள் கோமதி அம்மாள் திரும்பி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், நாற்பது பேர் சாப்பாடு, இன்றைக்குக் கரண்டை நன்றாகக் கூட்டி வையுங்கள் என்றார். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவள் மாடிக்குத் தூக்கக்கூடாது, மீறினால் இந்தக் கால் இப்படியே நின்றுவிடும் என்றார்.

"மூணு வாரமா? வெள்ளிக்கிழம வரைக்கும் மட்டும் தாங்குத மாதிரி ஒரு ஊசி போட்டு விடுங்களேன் டாக்டர். அப்புறம் அவ படுத்துக் கெடக்கட்டும், நானா வேண்டாங்கேன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபத்தில் இருந்தால் அதுதான் அடையாளம்.

"இந்த வலிதான் மேடம் அவங்களுக்கு இருக்கிற ஒரே லீவு லெட்டர். அதையும் நான் கிழிச்சுப் போடமாட்டேன்."

எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. அப்போது தலையணைக்குள்ளிருந்து பச்சையம்மாள் பேசினாள். ஆறு தடவை வந்ததில் டாக்டரிடம் அவள் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

"லீவு வோணாம் சார். வலிய மட்டும் எடுத்துடுங்க. நான் நின்னா வேற ஆள வெச்சிக்குவாங்க. மூணு வாரம் சம்பளம் இல்லன்னா நாங்க இன்னா துன்றது?"

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். நாம் லீவு, ரெஸ்ட் என்று பெரிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ரெஸ்டுக்கு யார் சோறு போடுவது? அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் புருஷனுக்குக் கூலி வேலை, இருந்தால் உண்டு. வலியை எடுத்தால் கால் போகும். எடுக்காவிட்டால் வேலை போகும். முதுகில் ஊசிகளோடு, முகத்தைக் காட்டக்கூட முடியாமல் படுத்திருந்தவள் இதை யோசித்து வைத்திருந்தாள். நின்றுகொண்டிருந்த நாங்கள் யோசிக்கவில்லை.

டாக்டர் கோமதி அம்மாளிடம், மூன்று வாரமும் சம்பளத்தோடு விடுங்கள், வேலையையும் அவளுக்கே வைத்திருங்கள் என்றார். கேட்டுக்கொள்வது போலத்தான் சொன்னார், ஆனால் குரலில் வேறு இருந்தது. கோமதி அம்மாள் சுற்றிலும் பார்த்தார். அவள் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கென்ன டாக்டர். த்ரீ வீக்ஸ், ஃபுல் ஸேலரி. சிக்ஸ் ஹண்ட்ரட் ருபீஸ்ல நாங்க ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம். நாங்களும் மனுஷங்கதான?"

"ஷாபாஷ், பெஹன்ஜி", சபாஷ் சகோதரி என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாலாஜி பாராட்டினார்.

கோமதி அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார். லாலாஜிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் டெல்லித் தமிழர்கள் பணத்தைப் பற்றித் தமிழில் பேசி நான் கேட்டதே இல்லை. மாதம் எண்ணூறு ரூபாய்ச் சம்பளக்காரிக்கு மூன்று வாரத்துக்கு அறுநூறு. அவருக்கு வேண்டியதெல்லாம் இங்கிலீஷிலேயே காதில் விழுந்துவிட்டது.

"ஆவட்டும்மா" என்றாள் பச்சையம்மாள். நான் ஊசிகளை எடுத்தேன். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவள் முதுகு பலகை மாதிரி விறைத்துக்கொண்டு ஊசியை விடாது. அன்றைக்கு எல்லாம் தானாக வந்தன.

ஆஸ்பத்திரியில் காட்டினாள். எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு அறுக்கவேண்டாம், பளு தூக்கவே கூடாது, ஒன்றுக்குப் போவதில் சிக்கல் வந்தால் உடனே ஓடிவா என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னபடி இருந்தாள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் வேறு ஆளை வைத்து நன்றாகவே நடந்தது என்று கேள்விப்பட்டேன். நாற்பது பேரும் சாப்பிட்டார்கள். ஒருவர்கூடப் பட்டினி கிடக்கவில்லை.

நான்காவது வாரம் பச்சையம்மாள் கிளினிக்குக்கு வந்தாள். செருப்பில் கிழிசல் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஊசிக்கா வந்தாய் என்றேன். இல்லை என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தம்மா சம்பளம் தரேன்னு சொன்னது நெசந்தானாக்கா? நான் குப்புற இல்ல படுத்துக்கினு இருந்தேன். எனக்குத்தான் தப்பாக் கேட்டுச்சோன்னு..."

நடந்தது இதுதான். வேலைக்குத் திரும்பிப் போனவளிடம், புதிதாக வந்தவளே போதும் என்று கோமதி அம்மாள் சொல்லிவிட்டார். சம்பளம் கேட்டதற்கு இருநூறு ரூபாயும் ஒரு பழைய புடவையும் கொடுத்திருக்கிறார். ஆறு தடவை ஊசிக்கு, தடவைக்கு அறுபது என்று கணக்குப் போட்டு, புது ஊசிக்குக் கொடுத்த நாற்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாராம். உனக்குத்தானே வைத்தியம் பார்த்தேன் என்று நியாயம் வேறு. சொந்தக் காசில் வேலைக்காரிக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று நாங்கள் வாயைப் பிளந்து மெச்சினோமே, அந்தக் காசுதான். அவள் முதுகுக்கு அவளே கொடுத்திருக்கிறாள். போகட்டும், காசு போனால் போகிறது. தன் காதையே சந்தேகப்படும்படி ஒருத்தியை ஆக்கிவிட்டாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

டாக்டரிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கோமதி அம்மாள் மறுக்கமுடியாது என்று நினைத்தேன். டாக்டர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"நான் வைத்தியம் சொன்னேன்மா. சம்பளம் அவங்க வீட்டு விவகாரம். அப்படி ஃபுல் ஸேலரின்னா சொன்னாங்க? எனக்குச் சரியா ஞாபகம் இல்லையே."

அந்த வாரம் எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களில் கோமதி அம்மாள் அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். லீவு லெட்டரைக் கிழிக்கமாட்டேன் என்று சொன்ன அதே வாய். இந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைச் சூடுபண்ணிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகும் பல வருஷம் அவரிடமே வேலை பார்த்தேன். ஆனால் அந்த ஞாபக மறதியை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி உங்களுக்கும் சொல்லமாட்டேன். உங்கள் டாக்டர் ஊசி போடுவதில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், நீங்கள் கேட்டதைக் கேட்டதாகத்தான் சொல்லவேண்டும்.

பயந்துகொண்டே கோமதி அம்மாள் வீட்டுக்குப் போனேன். வேலை போய்விடுமோ என்று நான்கு படி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில் புது வேலைக்காரி பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் கை வைத்திருந்தாள். நான் அவளைத் தாண்டி மேலே போனேன்.

கோமதி அம்மாள் என்னை உட்காரச் சொல்லி மோர்கூடக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், அப்படி யார் சொன்னது என்றார். நீங்கள்தான் என்றேன். டாக்டரைக் கேட்டுப் பார் என்றார். இவர் டாக்டரிடம் ஏற்கெனவே பேசிவைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் லாலாஜியும் இருந்தார் என்றேன்.

"அந்தக் கடைக்காரனுக்குத் தமிழ் தெரியுமா, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மோரை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

லாலாஜியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊசியால் அவர் முதுகுவலி கடைசிவரை குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் காசைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் கோமதி அம்மாள் அவர் கடைக்குக் கல்யாணத் துணி எடுக்க வந்திருக்கிறார், கூடச் சம்பந்தி வீட்டுப் பெண்களும். லாலாஜி துணியை அளந்துகொண்டே, எல்லோர் எதிரிலும், மிக மரியாதையாக இந்தியில் கேட்டிருக்கிறார். "பெஹன்ஜி, அந்தப் பாவப்பட்டவளின் மூன்று வாரக் கணக்கைத் தீர்த்துவிட்டீர்களா?" கோமதி அம்மாள் அளந்த துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனவர், பிறகு அந்தக் கடைப் பக்கம் வரவே இல்லை. நல்ல வாடிக்கை போயிற்று என்று லாலாஜி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், முதுகைப் பிடித்துக்கொண்டு. ஐந்து பேரில், என்னைத் தவிர, எங்கள் பாஷை தெரியாத ஒருவருக்கு மட்டும்தான் நாங்கள் பேசியது ஞாபகம் இருந்தது. தமிழ், தமிழ் என்று விழா எடுக்கிறோமே, எனக்கு வெட்கமாக இருந்தது.

பணம் வரவில்லை. நானே கொடுத்துவிடலாம் என்று சேர்த்து எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். பச்சையம்மாள் என் கையையே பார்க்கவில்லை.

"உங்க வூட்ல நான் தண்ணி தூக்கலியேக்கா. நீங்க எதுக்குக் குடுக்கிறீங்க? அந்தம்மாதான் குடுக்கணும்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு அவள் கீழ்வீட்டு வேலைக்கு மட்டும்தான் போனாள். மாடி வீடு என்றால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுவாள். அது அவளாக எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு. எங்கள் ஊசியைவிட அதுதான் அவள் முதுகைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே, பிள்ளைகளே, படுத்திருக்கிறவரிடம் கேளுங்கள். கூட வந்தவர் பதில் சொன்னால், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். செருப்பைப் பாருங்கள். வலி குறைந்தது என்று சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன், குறைந்ததும் என்ன வேலை செய்தாய் என்று கேளுங்கள். யாராவது நல்லவர் மாதிரி ஒரு வாக்குக் கொடுத்தால், அடுத்த கட்டில்காரர் காதிலும் விழுகிற மாதிரி இன்னொரு தடவை சொல்லவையுங்கள். அப்படியும் ஏமாற்றுவார்கள். ஆனால் ஏமாற்றினார்கள் என்று சொல்ல ஓர் ஆளாவது இருக்கும்.

பல வருஷம் கழித்து, ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கோமதி அம்மாளைப் பார்த்தேன். முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குப் பட்டை போட்டிருந்தார். வணக்கம் சொன்னேன், நலம் விசாரித்தேன், பிறகு பச்சையம்மாள் பாக்கியைக் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

"அவளே மறந்திருப்பா. நீ இன்னுமா அதத் தூக்கிட்டு அலையுத?" என்றார்.

ஆமாம், இன்னும் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். இப்போது மதராசி கேம்ப்பையும் இடித்துவிட்டார்கள். பச்சையம்மாள் எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. அவள் இருக்கிற இடம் தெரியாவிட்டால் பாக்கி தீர்ந்துபோகும் என்று யாரும் நினைக்கவேண்டாம். உங்களில் யாராவது எந்தக் கீழ்வீட்டு வாசலிலாவது அவளைப் பார்த்தால், அன்றைக்கு அவள் காதில் விழுந்தது சரிதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கோமதி அம்மாள் அவளுக்குக் கொடுக்கவேண்டியது, இன்றைய தேதி வரைக்கும், நானூறு ரூபாய்.